கையில் ஒட்டும் கறுப்பு: கனிமத் தேடல் எப்படி நடக்கிறது?

சிவகங்கை அருகே புதுப்பட்டி வட்டாரத்துச் சுரங்கக் கல்லைத் தொட்ட கையோடு வெள்ளை வேட்டியைத் தொடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சாம்பல் கறுப்பு விரலில் ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். அதுதான் கிராபைட். பொன் உருக்கும் மூசையிலும், பள்ளிப் பிள்ளையின் பென்சிலிலும், கைப்பேசி பேட்டரியின் ஒரு முனையிலும் இருப்பது இதே சரக்குதான். தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் இதை வெட்டிச் சுத்திகரிக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் காரைக்குடி அதிகத் தூரமில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் பேட்டரிகளை ஆராய்கிறது. கல் கிடைக்கும் இடமும் அதன் உச்சப் பயனை ஆராயும் இடமும் ஒரே மாவட்டத்தில் அமைவது அபூர்வம்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்க கொல்லையிலயும் இதே மாதிரிக் கறுப்புக் கல்லு கெடக்குண்ணே, வெட்டுனா விலை போகுமா?"

போகலாம். பெரும்பாலும் போகாது. அந்த இரண்டு பதில்களில் எது சரி என்று கண்டறியும் வேலைக்குப் பெயர்தான் கனிமத் தேடல்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாறையில் இயற்கையாக இருக்கும் பொருள் கனிமம். செலவு போக மிச்சம் கிடைக்கும்படி அந்தக் கனிமத்தைப் பிரித்தெடுக்க முடிந்தால்தான் அந்தப் பாறைக்குத் தாது என்று பெயர். கனிமம் பல ஊர்களில் இருக்கும். தாது சில இடங்களில்தான் இருக்கும். இன்றைக்குத் தாதுவாக இருப்பது, நாளை விலை விழுந்தால் வெறும் கல். செய்தித்தாளில் "கண்டுபிடிப்பு" என்று வருவதில் பெரும்பகுதி முதல் வகை.

கிணறு வெட்டப் போகிறவர் நேராகக் கடப்பாரையைத் தூக்குவதில்லை. அக்கம்பக்கத்துக் கிணற்றின் ஆழம் கேட்பார், மண்ணைப் பார்ப்பார், பிறகுதான் காசை இறக்குவார். கனிமத் தேடலின் ஒழுங்கும் அதேதான். பெரிய பரப்பில், மலிவான முறையில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே, செலவை ஏற்றிக்கொண்டே போவது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கேட்க வேண்டியது "இத்தோடு நிறுத்திவிடலாமா?" என்பது. நல்ல தேடல் குழு பெரும்பாலான இடங்களைத் துளைபோடாமலேயே கைவிடும். கைவிடத் தெரியாத குழுதான் பணத்தை மண்ணில் போடும்.

தரைக்கடியில் என்ன இருக்க முடியும்?

கிராபைட் முழுக்க முழுக்கக் கரிமம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் படிந்த உயிர்ப்பொருள், அந்தச் சேற்றோடு பூமிக்குள் ஆழப் புதைந்து, 700 பாகை செல்சியஸுக்கு மேல் வெந்தபோது தகடு தகடாகப் படிகமானது. சேறு உருமாறிப் பாறையாயிற்று. அதிலிருந்த கரி கிராபைட் செதிலாயிற்று. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பழைய பாறைகள் அப்படி வெந்தவை. கடைசியாகப் பெரிய அளவில் வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் நம்மோடு ஒட்டியிருந்தன. மூன்று இடத்திலும் கிராபைட் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய உறவுதான். இலங்கையில் போகலா, கஹடகஹ சுரங்கங்களில் அது பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகக் கட்டியாகக் கிடைக்கிறது. நம் பக்கத்தில் பாறைக்குள் செதிலாக விரவியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி நிலத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே கழித்துவிடலாம். சிவகங்கைப் பக்கம் பழைய வெந்த பாறைகள் வெளியே தலைகாட்டுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை என்று கிழக்கே வரவர அந்தப் பாறைகளின் மேல் இளமையான மணற்கல்லும் செம்பூராங்கல்லும் செம்மண்ணும் போர்த்திக்கொள்கின்றன. செம்பூராங்கல் என்பது மழையும் வெயிலும் கரைக்கக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டுபோன பிறகு இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகிய கல். ஊருணிப் படிக்கட்டுக்கு அது அருமையான கல். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் வாய் திறக்காது.

வரைபட வேலை இங்கே தொடங்குகிறது. இந்திய நில அளவைத் துறையின் பழைய முறை எண்ணில் சிவகங்கை 58 கே தாளிலும் காரைக்குடி 58 ஜே தாளிலும் வரும். 1:50,000 அளவுத் தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். ஒரு தாள் ஏறத்தாழ 27 கி.மீ. நீளமும் அதே அகலமும் கொண்ட நிலத்தைக் காட்டும். 1851இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாறை வரைபடங்களை அதன் 'பூகோஷ்' இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்தப் பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, முன்பு யார் எங்கே எதைக் கண்டார்கள் என்பதையெல்லாம் படிக்காமல் களத்தில் இறங்குவது, ஜாதகம் இருக்கும்போதே பெண் வீட்டை ஊர் ஊராகத் தேடுவது போன்றது.

கறுப்பாக இருப்பதெல்லாம் கிராபைட் இல்லை

அடுத்த வேலை நடப்பது. வரப்பு, ஓடைக் கரை, கிணறு வெட்டிப் போட்ட மண், சாலைக்கு வெட்டிய சரிவு, புற்றுமண் இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். கறையான் பல அடி ஆழத்து மண்ணை மேலே கொண்டுவந்து போடுவதால், மண் மூடிய நிலத்தில் புற்று ஒரு சின்ன இலவசத் துளை. (கும்பிடும் புற்றைத் தொட வேண்டாம். மாதிரி எடுக்க வேறு புற்று கிடைக்கும். ஊர்க்காரர்களின் நல்லெண்ணம் திரும்பக் கிடைக்காது.)

கறுப்புக் கல் கிடைத்தால் அதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். காகிதத்தில் தேய்த்தால் பளபளக்கும் சாம்பல் கோடு விழ வேண்டும். நகத்தால் கீறினால் கீறல் விழ வேண்டும். ஒரு பேட்டரி, டார்ச் பல்பு, இரண்டு ஒயர் எடுத்துக் கல்லின் செழிப்பான பகுதியில் இரண்டு முனையையும் வைத்தால் பல்பு எரியலாம். கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். செதில்கள் ஒன்றையொன்று தொடாமல் விரவியிருந்தால் எரியாது, அதனால் மட்டும் தள்ளிவிடக் கூடாது. நான்காவது சோதனைதான் நம்பகமானது: கல்லைப் பொடித்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கினால், மணலும் களியும் கீழே இறங்கும், கிராபைட் செதில் எண்ணெயோடு மேலே வந்து மிதக்கும்.

ஏமாற்றுகிறவை மூன்று. மாங்கனீசுத் தாதும் கையில் கறுப்பாக ஒட்டும். ஆனால் புகைக்கரி போல மங்கலாக ஒட்டும், கல் கையில் கனக்கும், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் பொங்கும். கறுப்பு அப்பிரகம் செதில் செதிலாக மின்னும். காகிதத்தில் கோடு போடாது. மூன்றாவது வெறும் அடுப்புக்கரி. பழைய குடியிருப்பு மேட்டில் அது நிறையவே கிடைக்கும்.

கல் கிடைத்த இடத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ் எண்ணோடு அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு கேள்வி: இந்தக் கல் இங்கேயே பிறந்ததா, உருண்டு வந்ததா? மூலை மழுங்கியிருந்தால் தூரத்திலிருந்து வந்தது. ஓடையில் கிடைத்தால் மேல்நோக்கி நடந்து, எங்கே கற்கள் வருவது நிற்கிறதோ அங்கே கரையேறித் தேட வேண்டும்.

இந்த "மேல்நோக்கி நடப்பது" உலகம் முழுக்க ஒரே தந்திரம்தான். கொண்டுவந்தது எது என்பதுதான் மாறும். வடகனடாவின் ஆளரவமற்ற பனி நிலத்தில் சரக்கை இழுத்து வந்தது ஓடை இல்லை, பழைய பனியாறு. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இருவர், வைரத்தோடு கூடவே பிறக்கும் கார்னெட் போன்ற தாதுமணிகளை மண்ணில் சலித்துச் சலித்து, பனியாறு வந்த திசைக்கு எதிராகப் பல நூறு கி.மீ. தூரம், ஆண்டுக்கணக்கில் தேடிப் போனார்கள். 1991இல் லாக் டி கிரா ஏரிப் பகுதியில் மூலம் அகப்பட்டது. 1998இல் அங்கே எகாட்டி வைரச் சுரங்கம் திறந்தது. அந்தச் சுரங்கத்துக்கு நிரந்தரச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்த பிறகு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பனிக்கட்டிச் சாலை நிற்கும். ஆண்டுக்கான டீசலும் சிமெண்டும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். சரக்கு லாரி அதில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஐசுக்கடியில் எழும் அலை ஐசை உடைக்கும். அங்கே ஒரு தவறான துளைக்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், தேடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததன் அருமை விளங்கும்.

நம் ஓடையில் கிராபைட்டைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. தங்கம், வைரத் துணைமணிகள் போன்றவை கனமானவை. தட்டில் சலித்தால் அடியில் தங்கும். கிராபைட்டின் அடர்த்தி 2.2 அளவுதான், மணலைவிட லேசு, போதாததற்குத் தட்டை. சலித்தால் முதலில் வழிந்தோடுவது அதுதான். சலிக்கிற கையின் பழக்கத்தை நம்பி "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. அடியில் பார்க்கக் கூடாது, நீரின் மேல் படியும் பளபளப்பைப் பார்க்க வேண்டும்.

மண்ணைத் தோண்டாமல் உள்ளே பார்ப்பது

கிராபைட் மின்சாரம் கடத்தும் என்பதுதான் தேடுகிறவருக்குக் கிடைத்த பெரிய வரம். பூமிக்குள் கிடக்கும் கிராபைட் படுகையின் மேல் பாகம் ஆக்சிஜன் உள்ள ஈரத்திலும், அடிப்பாகம் ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மின்கடத்தி ஒன்று நின்றால் அது தானே ஒரு பேட்டரியாகிவிடும். அந்த மின்னழுத்தத்தைத் தரைமட்டத்தில் அளக்கலாம். தன்னிச்சை மின்னழுத்த முறை என்பார்கள். களத்தில் சுருக்கமாக எஸ்.பி.

தேவைப்படுவது இரண்டு நுண்துளை மண்கலயங்கள், உள்ளே மயில்துத்தக் கரைசலில் நிற்கும் செம்புக் கம்பி, நீளமான ஒயர், நல்ல மில்லிவோல்ட் மீட்டர். ஒரு கலயத்தை ஓரிடத்தில் நிலையாகப் புதைத்துவிட்டு, மற்றொன்றைப் பாறை ஓடும் திசைக்குக் குறுக்காக 10 மீட்டருக்கு ஒருமுறை வைத்து வாசிக்க வேண்டும். சாதாரண நிலத்தில் எண் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் ஏறி இறங்கும். கிராபைட் படுகைக்கு மேலே வரும்போது எதிர்க்குறியோடு சில நூறுக்குச் சரியும். வரைதாளில் புள்ளி வைத்தால் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் அடிப்புள்ளிக்குக் கீழேதான் படுகையின் தலை, ஏறத்தாழ.

மலிவான முறை, கெடுவதற்கும் எளிதான முறை. நம் வறண்ட செம்மண்ணில் கலயத்தை அப்படியே வைத்தால் எண் ஊசலாடும். ஒரு சாண் தோண்டி ஈர மண்ணில் அழுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ஊறி நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஊற்றிய உடனே எடுத்த எண் பொய். காலையிலும் மாலையிலும் இரண்டு கலயங்களையும் ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 2, 3 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் கரைசலை மாற்றிவிட்டு அன்றைய வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். பம்புசெட் ஓடும் தோட்டம், எர்த் ஒயர், புதைத்த இரும்புக் குழாய் எல்லாமே பொய்ப் பள்ளம் காட்டும். கந்தகம் கலந்த இரும்புத் தாதும் இதே பள்ளத்தைக் காட்டும், அதை இந்த முறையால் பிரித்தறிய முடியாது.

அந்தக் கடைசிக் குறை வடக்கே ஒரு பழைய தலைவலி. கனடாவின் காட்டு நிலத்தில் செம்பும் நிக்கலும் தேடுகிறவர்கள் விமானத்தில் மின்காந்தக் கருவியைக் கட்டிப் பறந்து, மின்கடத்தும் இடங்களைக் குறிப்பார்கள். பெருஞ்செலவில் துளை போட்டால் வருவது பல முறை வெறும் கிராபைட். நமக்கு மூலதனம், அவர்களுக்கு எரிச்சல். அதே கனடாவில், வடக்கு சஸ்காட்சவானின் அதபாஸ்கா வட்டாரத்தில், யுரேனியம் தேடுகிறவர்களோ கிராபைட்டைத்தான் வழிகாட்டியாகப் பிடித்தார்கள். தடித்த மணற்கல் போர்வைக்கு அடியிலிருக்கும் பழைய பாறையில், கிராபைட் நிறைந்த பிளவுகளை ஒட்டியே அங்கே யுரேனியம் படிந்திருக்கிறது. 1981இல் சிகார் லேக், 1988இல் மெக்ஆர்தர் ரிவர் என்று உலகின் மிகச் செழிப்பான யுரேனியப் படிவுகள் இரண்டு இந்த வழியில்தான் அகப்பட்டன, 400 மீட்டருக்கும் கீழே. ஆக, கருவி காட்டுவது "மின்சாரம் கடத்தும் ஏதோ ஒன்று" என்பதை மட்டும்தான். அது என்ன என்று சொல்ல வேண்டியது பாறையியல் தெரிந்த மனிதர்.

பள்ளமும் துளையும்

எஸ்.பி. பள்ளம் விழுந்த இடத்தில் முதலில் வெட்டுவது தரைப் பள்ளம். பாறை ஓடும் திசைக்குக் குறுக்காக, ஒரு மீட்டர் அகலத்தில், கெட்டிப் பாறை தெரியும்வரை. ஆள் இறங்கும் பள்ளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். மழைக்குப் பின் செம்மண் சுவர் சொல்லிக்கொண்டு சரிவதில்லை.

பள்ளத்தின் அடியில் 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரே சீராக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, மீட்டர் மீட்டராகத் தனித்தனிச் சாக்கில் கட்டுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு மீட்டருக்கு 12 கிலோ அளவு வர வேண்டும். வராவிட்டால் வெட்டியவர் கடினமான இடத்தை விட்டுவிட்டு மெதுவான இடத்தை அதிகம் எடுத்திருக்கிறார் என்று பொருள். கிராபைட்டில் இது பெரிய மோசம். மெதுவாக இருப்பதே கிராபைட் என்பதால், சோம்பல் உளி தாதுவை உள்ளதைவிடச் செழிப்பாகக் காட்டிவிடும்.

துளைபோடும்போது இதே குணம் தலைகீழாகக் கெடுக்கும். தேடலுக்கான துளை, தண்ணீருக்குப் போடும் போர் இல்லை. போர்வெல் வண்டி பாறையைத் தூளாக்கிக் காற்றில் ஊதித் தள்ளும். இங்கே வைரத்துகள் பதித்த வளைய அலகு பாறையைச் சுற்றி வட்டமாக அறுத்து, நடுவில் நிற்கும் தண்டை முழுதாக வெளியே எடுக்கும். அந்தத் தண்டுக்குக் கோர் என்று பெயர். வழக்கமான என்.கியூ. அளவில் கோரின் விட்டம் 47.6 மி.மீ., அடுத்த பெரிய எச்.கியூ. அளவில் 63.5 மி.மீ. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுப்பதால், மெதுவான கிராபைட் பட்டை வரும்போது அது தண்ணீரோடு கரைந்து வெளியே போய்விடும். 3 மீட்டர் துளைத்து 2.1 மீட்டர் கோர் மட்டும் வந்தால் மீட்பு 70 சதவீதம். காணாமல் போன 90 செ.மீ.தான் நீங்கள் தேடி வந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் தாதுப் பகுதியில் மீட்பு 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். குறைந்தால் தண்ணீர் அழுத்தத்தைத் தணித்து, ஒரே ஓட்டத்தில் 3 மீட்டர் போகாமல் 1 மீட்டராகப் போய், பெரிய விட்டமும் மூன்றடுக்குக் குழலும் போட வேண்டும். வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைத் துளையாளர் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுவது ஒரு நல்ல பழக்கம். கறுத்த தண்ணீர் வந்த ஆழத்தில் கோர் பெட்டி காலியாக இருந்தால் கதை விளங்கிவிடும்.

துளையை நேர் கீழாகப் போடுவதும் அபூர்வம். படுகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அதைக் குறுக்காக வெட்டும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்த்துத் துளைப்பார்கள். அப்படியும் சரியான செங்கோணம் அமையாது. கோரில் 10 மீட்டர் கிராபைட் தெரிந்து, படுகை கோருக்கு 45 பாகையில் வெட்டினால் உண்மைத் தடிமன் 7 மீட்டர்தான். "10 மீட்டர் தடிமன்" என்று அறிக்கையில் வந்தால் எந்த 10 என்று கேட்க வேண்டும்.

வெளியே வந்த கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பூட்டி வைப்பது விதி. சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கச் சாட்சி வேண்டும். 1997இல் இந்தோனேசியாவின் புசாங்கில் உலகையே ஏமாற்றிய பிரே-எக்ஸ் தங்க மோசடியில், மறுபாதி வைக்காமல் கோர் முழுவதையும் பொடித்துவிட்டார்கள். வேறொருவர் போய்ப் புதிதாகத் துளைத்துப் பார்த்தபோதுதான் தங்கம் இல்லை என்று தெரிந்தது. அதனால் ஒழுங்கான குழுக்கள் ஏறத்தாழ 20 மாதிரிக்கு ஒன்று வீதம், விடை தெரிந்த மாதிரி ஒன்றும் வெறும் வெள்ளைக்கல் ஒன்றும் நடுவே செருகி, ஆய்வகத்துக்குச் சொல்லாமல் அனுப்பும். வெள்ளைக்கல்லில் கிராபைட் இருக்கிறது என்று முடிவு வந்தால் அந்தத் தொகுதியே தள்ளுபடி.

எண்கள் என்ன சொல்கின்றன

ஆய்வகம் தரும் முக்கிய எண் நிலைக்கரிமச் சதவீதம். மாதிரியைச் சூடேற்றி ஈரம், ஆவியாகும் பொருள், எரித்தபின் மிஞ்சும் சாம்பல் மூன்றையும் அளந்து 100இலிருந்து கழித்தால் வருவது அது. சுக்கான்கல் கலந்த மாதிரியில் இந்தக் கணக்கு ஏமாற்றும். சுக்கானிலும் கரிமம் உண்டு, சூட்டில் அது வாயுவாகப் போய்க் குழப்பும். அமிலத்தில் கழுவிச் சுக்கானை நீக்கிவிட்டுத்தான் கிராபைட்டை அளக்க வேண்டும். நம் வட்டாரத்தில் மேல்மண்ணிலேயே சுக்கான் கிடப்பதால் இதை மறக்கக் கூடாது.

சிவகங்கைத் தாதுவின் சராசரி நிலைக்கரிமம் 14 சதவீதம். கேட்கக் குறைவாகத் தோன்றும்; செதில் கிராபைட்டுக்கு இது நல்ல எண். ஒரு கற்பனைப் படுகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 300 மீட்டர், உண்மைத் தடிமன் 8 மீட்டர், ஆழம் 30 மீட்டர். கன அளவு 72,000 கனமீட்டர். தாதுவின் அடர்த்தி 2.4 என்றால் 1,72,800 டன். அதில் 14 சதவீதம் 24,000 டன் சொச்சம். ஆலையில் 85 சதவீதம் பிரிந்தால் கைக்கு வருவது 20,500 டன் அளவு. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு அளவீடு. தடிமனில் செய்த ஒரு தவறு கடைசி எண்வரை கூடவே வரும்.

சதவீதத்தைவிட விலையைத் தீர்மானிப்பது செதிலின் அளவு. 300 மைக்ரான் (0.3 மி.மீ.) சல்லடையில் மேலே நிற்கும் பெரிய செதிலுக்கு ஒரு விலை, 150 மைக்ரானுக்குக் கீழே விழும் பொடிக்கு அதைவிடக் குறைந்த விலை. கல்லைப் பொடித்து, தண்ணீரில் எண்ணெயும் நுரைப்பானும் கலந்து காற்றை ஊதி, டம்ளர் சோதனையில் செய்த அதே வேலையைத்தான் ஆலை பெரிய தொட்டிகளில் செய்கிறது. ஒரேயடியாக நைசாக அரைத்தால் கல்லோடு செதிலும் உடைந்துவிடும். கொஞ்சம் அரைத்து, மிதக்கவிட்டு எடுத்து, மறுபடி மெல்ல அரைத்து என்று பல சுற்று போக வேண்டும். அதனால் தேடல் கட்டத்திலேயே பல கிலோ கோரை ஆலைச் சோதனைக்கு அனுப்பாவிட்டால், "இத்தனை டன் இருக்கிறது" என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. பேட்டரிக்குப் போக இன்னும் தூரம்: செதிலை உருண்டையாக்கி, 99.95 சதவீதச் சுத்தம்வரை கொண்டுபோக வேண்டும். அது சுரங்கக்காரரின் வேலையைத் தாண்டி வேதியியலாளரின் வேலை.

செய்தியைப் படிக்கும்போது

அரசு அறிக்கைகளில் ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று வரும். ஜி4 என்பது மேலோட்டமான தேடல், ஜி1 என்பது நெருக்கமாகத் துளை போட்டு முடித்த விரிவான தேடல். கூடவே மூன்றிலக்க எண் வரலாம்: முதல் இலக்கம் பொருளாதாரம், இரண்டாவது வெட்டியெடுக்கும் சாத்தியம், மூன்றாவது பாறை அறிவு. 111 என்றால் மூன்றிலும் தேறிய இருப்பு. 334 என்றால் நடந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டையும் கூட்டி "இத்தனை லட்சம் டன்" என்று தலைப்புப் போடுவது, நிச்சயம் முடிந்த கல்யாணத்தையும் தரகர் சொன்ன வரனையும் சேர்த்து எண்ணுவது மாதிரி.

பட்டா இருக்கிறது என்பதற்காக எவரும் தோண்டிவிட முடியாது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, தேடுவதற்கும் உரிமம் வேண்டும். 2015இலிருந்து உரிமம் ஏலத்தில்தான். 2023இல் கிராபைட் நாட்டின் முக்கியமான கனிமங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டுத் திருத்தத்தால் அதற்கான ஏலம் மத்திய அரசின் கைக்குப் போனது.

தேடல் முடிந்து இடம் தேறாமல் போனாலும் வேலை பாக்கியுண்டு. வெட்டிய பள்ளத்தை மேல்மண் மேலே வரும்படி மூட வேண்டும். ஆடுமாடு விழாமலிருக்க அதுவரை முள்வேலி. துளையை அடிவரை சிமெண்டுக் கூழால் அடைக்க வேண்டும். அடைக்காத துளை, மேலே உள்ள ஊற்றையும் கீழே உள்ள ஊற்றையும் இணைத்துவிடும். பக்கத்துக் கிணற்றில் உப்பு ஏறினால் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். கண்மாய் வரத்துக்கால் குறுக்கே வந்தால் அங்கே பள்ளமே வெட்டக் கூடாது. ஒரு பருவ மழை வரத்தைத் தடுத்தால் ஊர் அதை மறக்காது.

கொல்லையில் கறுப்புக் கல் கண்டவர் செய்ய வேண்டியது சுலபம். மேலே சொன்ன டம்ளர் சோதனை. மிதந்தால், மண் ஒட்டாத உள்பாறையில் உடைத்த ஒரு கிலோ கல்லைச் சுத்தமான பையில் கட்டி, கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் எண், தேதி, எவ்வளவு நீளத்துக்குத் தெரிகிறது என்பதைச் சீட்டில் எழுதி உள்ளே போட்டு, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். சீட்டைப் பாலித்தீன் உறையில் போட்டுவிட்டுப் பிறகு பைக்குள் வைக்க வேண்டும். கிராபைட் ஒட்டினால் எழுத்து தெரியாது.